உடலின் சொற்களும் அவற்றின் இடமும்

முன்னுரை

தமிழ்த்துறையின் சிறப்பு மலரில் மருத்துவ அறிவியல் பற்றிய கட்டுரை ஏன் என்று சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் (1822–1884) மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியால் இயலும் என்று நம்பிச் செய்த பணியை, அம்மொழியைக் கற்பிக்கும் நாம் தொடராதிருப்பது முறையாகாது.

நம் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள், கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ளது. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிறுவனம், 1964இல் பண்டித நேருவின் பெயரைத் தாங்கியது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அதன் வாயிலில் நாள்தோறும் காத்திருக்கும் மக்களுள் நம் வீட்டுப் பெரியவர்களும் உளர். கை நடுக்கத்தோடு நரம்பியல் பிரிவுக்குச் செல்வோரும், கட்டியின் திசுவை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்கு ஏங்கியிருப்போரும் அவர்களிடையே உண்டு. அத்திசுவில் அறிவியலார் எதைத் தேடுகின்றனர், எங்ஙனம் தேடுகின்றனர் என்பதைத் தமிழறிந்தார் யாவரும் உணரும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தும் சொல்லும்

எழுத்துகள் தொடர்ந்து சொல்லாவதைப் போல, அமினோ அமிலங்கள் தொடர்ந்து பெப்டைடு ஆகின்றன. நம் புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் இருபது வகையினவே. அவை சில முதல் சில பத்து வரை கோக்கப்பட்ட சிறு தொடர் பெப்டைடு, நெடுந்தொடர் புரதம். சொல்லுக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

உடலின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழிகளுள் பெப்டைடுகளும் அடங்கும். ஒரு நரம்பணு வெளியிடும் பெப்டைடு அடுத்த நரம்பணுவின் ஏற்பியில் சென்று பொருந்தும்போது, 'அடங்கு' என்றோ 'கிளர்ந்தெழு' என்றோ ஒரு செய்தி சேர்கிறது. 1931இல் கண்டறியப்பட்ட 'பொருள் பி' என்னும் பெப்டைடு பதினோர் அமினோ அமிலங்களால் ஆனது. வலியுணர்வைக் கடத்துவதில் பங்கு கொள்வது. 1975இல் அபர்டீன் நகரில் ஹியூசும் காஸ்டர்லிட்சும் என்கெஃபலின் என்னும் பெப்டைடுகளைக் கண்டனர். அவை அபினி பற்றும் அதே ஏற்பிகளைப் பற்றி வலியைத் தணிப்பவை. உடல் தனக்குத் தானே சுரந்துகொள்ளும் மருந்து எனலாம்.

லூசின்-என்கெஃபலின் என்பது டைரோசின், கிளைசின், கிளைசின், பினைல்அலனின், லூசின் என்னும் ஐந்தெழுத்துச் சொல். இதே ஐந்தெழுத்தைத் தலையில் கொண்ட வேறு சொற்களும் மூளையில் உள்ளன. ஆல்ஃபா-நியோஎண்டார்ஃபின் பத்தெழுத்துடையது, டைனார்ஃபின்-பி பதின்மூன்றெழுத்துடையது. மூன்றும் புரோடைனார்ஃபின் என்னும் ஒரே நெடும் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. தலை ஒன்று, வால் வேறு. எனவே பணியும் வேறு. இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதிக்கு இது பயன்படும்.

இடம் அறியாச் சொல்

'மாலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு தொகைநூலின் சொற்களையெல்லாம் பிரித்துக் கூடையிலிட்டு எண்ணினால், 'மாலை' எத்தனை முறை வந்துள்ளது என்று கூறிவிடலாம். அது பூமாலையா, அந்திமாலையா என்று கூற இயலாது. அதற்குச் சொல் நின்ற இடம் தெரிய வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தமை நாம் அறிந்ததே. இடத்தை விலக்கிவிட்டுப் பொருளைக் காண்பது நம் மரபன்று.

நெடுங்காலம் அறிவியலார் திசுவை ஆராய்ந்த முறை கூடையிலிட்டு எண்ணுவதை ஒத்திருந்தது. மூளையின் ஒரு பகுதியையோ புற்றுக்கட்டியின் ஒரு துண்டையோ அரைத்துச் சாறாக்கி, அதிலுள்ள பெப்டைடுகளை அளந்தனர். எது உள்ளது, எவ்வளவு உள்ளது என்பது தெரிந்தது. எங்கே உள்ளது என்பது அரைக்கும்போதே அழிந்தது. நோயோ பெரும்பாலும் 'எங்கே' என்பதில்தான் ஒளிந்திருக்கிறது. கட்டியின் நடுவில் இருப்பது வேறு, விளிம்பில் பரவத் துடிப்பது வேறு.

எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றி இடங்காணும் முறை ஒன்றும் உண்டு. இன்றும் நோய்க்குறியியல் துறைகளில் பெரும்பயன் தருவது. ஆயினும் அதில் இரண்டு குறைகள் உள. எதைத் தேடுகிறோம் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்; அறியாததை அது காட்டாது. மேலும், ஒரே தலையுடைய டைனார்ஃபின் குடும்பத்தார் போன்றோரை வேறுபிரித்தறிய எதிர்ப்பொருள் சிலவேளை தடுமாறும். இவ்விரு குறைகளையும் கடக்க வந்ததே நிறை நிறமாலைப் படமாக்கம்.

நிறை காட்டும் கருவி

மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் அளித்து அயனிகளாக்கி, அவற்றின் நிறையை அளக்கும் கருவி நிறை நிறமாலைமானி. இங்கிலாந்தின் ஜே. ஜே. தாம்சன் 1912–13ஆம் ஆண்டுகளில் செய்த ஆய்வுகளில், நியான் வாயு 20, 22 என இருவேறு நிறைகளில் இருப்பதைக் கண்டார். அவர்தம் மாணாக்கர் ஆஸ்டன் இக்கருவியைச் செம்மைப்படுத்தி 1922இல் நோபல் பரிசு பெற்றார்.

வாயுக்களை நிறுத்தறிந்த இக்கருவிக்குப் புரதம் நெடுநாள் எட்டாதிருந்தது. வாயு நிலைக்குக் கொண்டுவரச் சூடேற்றினால் புரதம் சிதைந்துவிடும். இவ்விடரை நீக்கியோருள் ஒருவர் சப்பானின் கொயிச்சி தனாக்கா. முனைவர் பட்டம் பெறாத பொறியாளரான அவர், கியோட்டோவின் சிமாட்சு நிறுவனத்தில் பணியாற்றியபோது, நுண்ணிய கோபால்ட் துகளோடு கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டார். கொட்டிவிடாமல் அக்கலவையையும் சோதித்தார். லேசர் ஒளியின் ஆற்றலை அக்கலவை வாங்கிக்கொள்ளப் புரதம் சிதையாமல் மேலெழுந்தது. 2002இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவரானார். செருமனியில் ஹில்லென்காம்ப், காராஸ் இருவரும், சிறு கரிமப் படிகங்களைக் கலந்து லேசரால் தாக்கும் முறையை வகுத்தனர். 'மால்டி' என்னும் பெயரால் இன்று உலகெங்கும் வழங்குவது இம்முறையே. தவறு நேர்ந்தவிடத்தும் கூர்ந்து நோக்குவோனுக்குப் பயன் உண்டு என்பதை மாணவர் இங்கே கருத்திற் கொள்வாராக.

1997இல் அமெரிக்க அறிவியலாளர் ரிச்சர்டு காப்ரியோலியும் அவர்தம் குழுவினரும் இம்முறையைத் திசுவின் மேலேயே செலுத்திக் காட்டினர். இடத்தோடு கூடிய நிறை அன்று முதல் கிட்டலாயிற்று.

செயல்முறை

இச்செயல்முறையை ஐந்து படிகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, காத்தல். உயிர் நீங்கிய சில நிமிடங்களிலேயே நொதிகள் பெப்டைடுகளைச் சிதைக்கத் தொடங்கும். ஆதலின் திசுவை எடுத்தவுடன் உறையவைக்கின்றனர். அல்லது நொதிகளை முடக்குமாறு விரைந்து வெப்பமூட்டுகின்றனர்.

இரண்டாவது, சீவுதல். உறைந்த திசுவைப் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள ஏடுகளாகச் சீவி, மின்கடத்தும் கண்ணாடியில் ஒட்டுகின்றனர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மூன்றாவது, படிகம் பூசுதல். ஒளியை உட்கொள்ளும் கரிமப்பொருளை நுண்திவலையாகத் தெளிக்கின்றனர். ஈரம் மிகுந்தால் பெப்டைடுகள் இடம் பெயர்ந்துவிடும், குறைந்தால் வெளிவாரா. தாளில் மை ஊறிப் பரவாமல் எழுதுவோனின் பதம் இதற்குத் தேவை.

நான்காவது, லேசரால் தொடுதல். ஏட்டின் ஒரு புள்ளியில் லேசர் விழ, அங்குள்ள பெப்டைடுகள் அயனிகளாகி எழுகின்றன. அவற்றை ஒரே மின்னழுத்தத்தால் வெற்றிடக் குழாயில் ஓடவிடுகின்றனர். ஒரே மின்னூட்டம் பெற்றவற்றுள் இலேசானது முந்தும், கனமானது பிந்தும். நான்கு மடங்கு நிறையுடைய அயனி அதே தொலைவைக் கடக்க இருமடங்கு நேரம் கொள்ளும். எனவே வந்துசேர்ந்த நேரமே நிறையைச் சொல்லிவிடும். லூசின்-என்கெஃபலின் ஏறத்தாழ 555 டால்டன், ஆல்ஃபா-நியோஎண்டார்ஃபின் 1228, டைனார்ஃபின்-பி 1570. தலை ஒன்றாயினும் நிறை வேறாதலின் மூன்றும் தனித்தனியே வந்து நிற்கின்றன.

ஐந்தாவது, படம் வரைதல். லேசர் அடுத்த புள்ளிக்கு நகரும். அங்கும் ஒரு நிறமாலை. இவ்வாறு ஆயிரக்கணக்கான புள்ளிகளில் நிறமாலைகளைத் தொகுத்தபின், கணினியில் ஒரு நிறையைத் தெரிவுசெய்தால் அது எங்கெங்கே எவ்வளவு உள்ளது என்பது வண்ணப்படமாக விரியும். வேறொரு நிறையைத் தெரிவு செய்தால் வேறொரு படம். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே கூறத் தேவையில்லை; தேடாததும் கிட்டும்.

காப்ரியோலி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மனித மூளைப் புற்றுச் செல்களை எலியில் வளர்த்து, அக்கட்டியைப் படமாக்கினர். தைமோசின் பீட்டா-4 என்னும் 43 அமினோ அமிலப் பெப்டைடு, செல்கள் பெருகிக்கொண்டிருந்த வெளிப்பகுதியில் செறிந்திருக்கக் கண்டனர். கட்டியை அரைத்திருந்தால் அதன் அளவு தெரிந்திருக்கும். அது எல்லையில் நின்ற செய்தி தெரிந்திராது.

பூனைக்காலியும் நடுக்குவாதமும்

இனி, நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு நோய்க்கு வருவோம். 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரிவாக எழுதிய நோயை நாம் நடுக்குவாதம் என்கிறோம். மூளையின் அடியிலுள்ள கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் மடிய, அவை ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதிக்கு அனுப்பும் டோபமைன் குறைகிறது. கை நடுங்கும், நடை குறுகும், முகம் உணர்ச்சி காட்டாது, கையெழுத்து நாளுக்குநாள் சிறுத்துக்கொண்டே வரும்.

1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அப்பொருள் நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பதை அன்று உலகம் அறியாது. 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்து அசைவற்றவை ஆக்கினார். பின் லெவோடோபா செலுத்த அவை மீண்டும் இயங்கின. அந்த ரிசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தியிலிருந்து கிடைப்பது என்பது குறிப்பிடத்தக்கது. 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா செலுத்திப் பயன் கண்டனர்; 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் சிறிது சிறிதாக அளவைக் கூட்டித் தரும் முறையை நிறுவினார். கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

என் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அரபுத் தமிழில் அழகுற எழுதவல்லவர். அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் சிறுத்தபோது முதுமை என்றே இருந்துவிட்டோம். லெவோடோபா தொடங்கியபின் எழுத்து மீண்டும் நிமிர்ந்தது. ஆனால் சில ஆண்டுகள் சென்றபின், மருந்து உண்ட வேளைகளில் அவர் தோளும் கழுத்தும் தம் விருப்பமின்றியே நெளியலாயின. பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நிற்கக் கூசி, வீட்டிலேயே தொழுதார். மருந்துதான் கேடு செய்கிறது என்று உறவினர் அதனை நிறுத்திவிட்டனர். மூன்றே நாளில் அவர் படுக்கையில் மரம்போல் கிடந்தார். நல்வாய்ப்பாக உரிய காலத்தில் மருத்துவர் அளவை மாற்றியமைக்க, எழுந்தார். லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே இடராகலாம் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வாறே, மருத்துவர் மேற்பார்வையின்றிப் பூனைக்காலிப் பொடியை மருந்துக்குப் பதிலாகவோ மருந்தோடு சேர்த்தோ உண்பதும் தகாது. அதிலும் இருப்பது அதே பொருள்தான். அளவுதான் நம் கையில் இல்லை.

நோய் தீர்த்த அதே மருந்து நெளிவை ஏன் தருகிறது? அதுவும் சிலருக்கு மிகுந்தும் சிலருக்குக் குறைந்தும் ஏன்? பெப்டைடுப் படமாக்கம் புகுந்த இடம் இதுவே.

முதற்குறை

2011இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர் ஒரு முடிவை வெளியிட்டனர். எலிகளின் மூளையில் ஒரு பக்கத்து டோபமைன் நரம்பணுக்களை அழித்து நடுக்குவாத நிலையை உண்டாக்கி, லெவோடோபா தொடர்ந்து கொடுத்தனர். சிலவற்றிற்கு நெளிவு கடுமையாக வந்தது. சிலவற்றிற்கு அவ்வாறு வரவில்லை. இரு சாராரின் ஸ்ட்ரையேட்டத்தையும் நிறை நிறமாலையால் படமாக்கினர். நெளிவு கடுமையாயிருந்த எலிகளில், டைனார்ஃபின்-பி, ஆல்ஃபா-நியோஎண்டார்ஃபின் ஆகியவை குறிப்பிட்ட பகுதியில் மிகுந்திருந்தன. நெளிவு மிகுந்தவற்றில் அவையும் மிகுந்து காணப்பட்டன.

மேலும் ஒன்று கண்டனர். ஆல்ஃபா-நியோஎண்டார்ஃபினின் முதலெழுத்தாகிய டைரோசின் உதிர்ந்த வடிவமும் அங்கே கூடியிருந்தது. தமிழிலக்கணத்தில் இதற்குப் பெயர் உண்டு: முதற்குறை. 'தாமரை' செய்யுளில் 'மரை' என நின்றாலும் நாம் தாமரை என்றே பொருள் கொள்வோம். ஆயினும் இடம் அறியாதார்க்கு மரை ஒரு விலங்கு. தலையெழுத்தாகிய டைரோசினை இழந்த பெப்டைடோ அபினி ஏற்பியைப் பற்றும் திறனை இழந்துவிடுகிறது. ஏற்பி அதனைத் தன் சொல்லாக அறிவதில்லை. எனில், அது வேறு ஏதேனும் வழியில் பேசுகிறதா என்னும் வினா எழுகிறது. ஓரெழுத்து உதிர்ந்ததைப் பிற முறைகள் எளிதில் காட்டா, நிறை காட்டிக்கொடுத்துவிட்டது.

இவ்வாய்வு எலியில் செய்யப்பட்டது. மனிதர்க்கு நெளிவைத் தீர்க்கும் மருந்து இதனால் உடனே வந்துவிடவில்லை. ஆயினும், மருந்து வேலை செய்யும் இடத்தில் வேறு எந்தச் சொற்கள் மிகுகின்றன என்பதை அறிந்தாலன்றி, அவற்றை அடக்கும் வழியைத் தேடவே இயலாது.

நம் நாட்டில் ஒரு சான்று

படமாக்கும் இக்கலை நம் நாட்டிலும் வளர்ந்துவருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2016இல் பாக்கினை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். லேசருக்கு மாறாக, மின்னூட்டம் பெற்ற கரைப்பான் திவலைகளைப் பரப்பின்மேல் பீய்ச்சும் முறையைக் கையாண்டனர். பாக்கு முதிர முதிர, அதிலுள்ள ஆல்கலாய்டுகள் எப்பகுதிகளில் பிரிந்து தங்குகின்றன என்பதைப் படமாகக் காட்டினர். இவை பெப்டைடுகள் அல்ல. ஆயினும் 'எங்கே' என்னும் அதே வினாவுக்கு அதே வகை விடை. பாக்கு புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியுள்ளது. திருமண வீடுகளில் தாம்பூலத் தட்டை நீட்டும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

எல்லைகளும் பொறுப்பும்

எக்கருவிக்கும் எல்லை உண்டு. மிகக் குறைந்த அளவிலுள்ள பெப்டைடுகள் பிறவற்றின் இரைச்சலில் மறைந்துபோகும். ஒரே நிறையுடைய இரு வேறு பெப்டைடுகள் குழப்பம் தரும். அவற்றை மேலும் உடைத்து எழுத்து வரிசையைச் சரிபார்த்த பின்னரே பெயரிட வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, உயிருள்ள மூளையைச் சீவ இயலாது. ஆகவே விலங்குகளையும், இறந்தபின் கொடையளிக்கப்பட்ட திசுக்களையும், அறுவையில் நீக்கப்பட்ட கட்டிகளையும் நம்பியே இவ்வாய்வு நடைபெறுகிறது.

இங்கு ஒரு பொறுப்பு உண்டு. நோயாளி ஒருவர் ஆய்வுக்கென இசைந்து தரும் திசு, ஆய்வாளரின் உடைமையன்று. நம் சமுதாயத்தின் சொல்லால் கூறினால், அஃது ஓர் அமானிதம். கேட்டுப் பெற வேண்டும். சொன்ன பணிக்கே பயன்படுத்த வேண்டும். தந்தவரின் பெயரைக் காக்க வேண்டும். நோயாளியும், 'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என வினவத் தயங்கலாகாது. அவ்வினாவைத் தம் மொழியில் கேட்டு, தம் மொழியிலேயே விடை பெறும் நிலை வரவேண்டும். மொழியாசிரியரும் மாணவரும் ஆற்றக்கூடிய தொண்டு இதுவே.

முடிவுரை

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து மருத்துவம் செய்ய வேண்டும் என்பதை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்தினார். மருத்துவம் தேடிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பார்வையின் இயல்பை ஆராய்ந்த இப்னு அல்-ஹைதமும், மருத்துவத்தைத் தொகுத்தளித்த இப்னு சீனாவும் அவ்வழியில் நின்ற அறிஞர் பெருமக்களே. கண்ணுக்குப் புலனாகாத பெப்டைடை அதன் இடத்தோடு காட்டும் இக்கலையும் அத்தேடலின் தொடர்ச்சியாகும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கை நடுங்கினாலோ, கையெழுத்து சிறுத்தாலோ முதுமை என்று இருந்துவிடாதீர்கள், மருத்துவரை நாடுங்கள். மருந்தால் தொல்லை வந்தால் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேதியியல் பயில்வோர் சொல்லின் இடத்தையும், தமிழ் பயில்வோர் அணுவின் நிறையையும் அறிய முயலுங்கள். இரண்டும் அறிந்தவர் நம்மிடையே தோன்றினால், கோரிமேட்டு மருத்துவமனையில் காத்திருக்கும் ஒருவருக்கு அவர் நோய் அவர் மொழியிலேயே விளங்கும். அந்நாள் விரைவில் வர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!